தடிச்சியின் உடல்நிலை குறித்து

அன்புக்கும் ஆசிக்கும் என்றும் குறைவில்லாத மருமகளுக்கு,

உன் அத்தை கூடத்து மேசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆண்டவனை நினைத்து எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, மற்றபடி உடம்புக்குள் ஒற்றுமை இருக்கிறது. நீயும், உன் வயிற்றில் இருக்கும் எங்கள் செல்வமும், என் பிள்ளையும் (சாப்பிட்ட தட்டை இப்போதாவது எடுத்து வைக்கிறானா?) ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவனுக்கு இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் ஞாயிறுதோறும் வாயைத் திறக்கிறேன். நீ "தடிச்சி எப்படி இருக்கா அத்தை?" என்று கேட்ட மாத்திரத்தில் என் வாய் என்னைக் கேட்காமலேயே "நல்லா இருக்காம்மா, கொழுகொழுன்னு" என்று சொல்லிவிடுகிறது. பேனா அப்படியில்லை, யோசிக்க இடம் கொடுக்கிறது. தவிரவும் உன் மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருப்பார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மளிகை சுற்றி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதக் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்தில் உள்ளதை மட்டுமல்ல, விஷயத்தில் உள்ளதையும்.

வேலைக்காக நீங்கள் இருவரும் வேறு ஊருக்குக் கிளம்பிய அன்று தடிச்சியை என் கையில் கொடுத்தாயே, அப்போது அவள் இருந்த இருப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரோஜாப் பூவைக் கல்லில் செதுக்கி வைத்தாற்போல அடுக்கடுக்காகத் தடித்தடி இலைகள், சாம்பல் கலந்த நீலம், ஓரத்தில் மட்டும் வெட்கப்பட்டாற்போலச் சிவப்பு. செடிக்கடை வாசலில் உதிர்ந்து கிடந்த ஒற்றை இலையைப் பொறுக்கி வந்து நீ வளர்த்த செடி என்பதை நான் மறக்கவில்லை. "இவ என் மூத்த பொண்ணு அத்தை. இவளுக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாம். நல்ல வெயில்ல வையுங்க, தண்ணிய மறந்துடுங்க, போதும்" என்றாய். அங்கேதான் வந்தது வினை. செய்ய வேண்டியதை ஒன்றுக்குப் பத்தாகச் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கவனிக்காமல் விட்ட பொருள் என் முழங்கால் ஒன்றுதான், அது என்ன ஆயிற்று என்று மேலேயே எழுதிவிட்டேன்.

இதில் என் பிள்ளை வேறு ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே, "செடியப் பொழைக்க வச்சாத்தாம்மா பிள்ளைய உன்கிட்ட விடுவோம், இல்லன்னா காப்பகந்தான்" என்றான். பின்னால் நீ "சும்மா இருங்க, அத்தை நெசம்னு நெனச்சுக்குவாங்க" என்று அவனை அதட்டியதும் காதில் விழுந்தது. நிஜம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். பிரசவ விடுப்பு முடிந்ததும் உங்கள் பரிசோதனைக் கூடத்தில் பழையபடி இங்கேயே மாற்றல் கேட்டு, பிள்ளையோடு நம் வீட்டுக்கே வந்துவிடலாமா, அல்லது அங்கேயே இருந்துகொண்டு காப்பகத்தில் விடலாமா என்று நீங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் இதில் வாய் வைக்கக் கூடாது என்று உன் மாமா எனக்குத் தடை போட்டிருக்கிறார். நான் வாய் வைக்கவில்லை. செடியைத்தான் கவனித்தேன். கவனித்த கவனிப்பில் என்ன நடந்தது என்றால்,

முதலில் அந்தச் சிவப்பு. பால்கனி வெயிலில் வைத்ததும் ஓரத்துச் சிவப்பு நாளுக்கு நாள் உள்ளே பரவியது. நம் பிள்ளைக்குச் சின்ன வயதில் அக்கி வந்தபோது இதே நிறந்தான், இதே மாதிரிதான் ஓரத்தில் ஆரம்பித்தது. ஐயோ, வெந்துபோகிறாளே என்று தூக்கிவந்து குளியலறை ஜன்னலோரம் நிழலில் வைத்தேன். அடுத்து, இலை மேலெல்லாம் மாவு பூசினாற்போல ஒரு தூசி. என் வீட்டில் தூசியா? ஈரத்துணியை எடுத்து இலை இலையாகத் துடைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல இடுக்கெல்லாம் துடைத்து, பளபளவென்று ஆக்கினேன். அந்தத் தூசிதான் அவளுக்கு ஆண்டவன் கொடுத்த போர்வை, வெயிலிலிருந்து காப்பாற்றுவதே அதுதான், ஒருமுறை துடைத்தால் அந்த இலைக்குத் திரும்ப வராது என்று எதிர்வீட்டுத் தையற்காரம்மாவின் மகள் பிற்பாடு சொன்னாள். முன்னாலேயே சொன்னால் என்னவாம்? தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் உன் சொல்லைத் தட்டவே இல்லை. மறக்கச் சொன்னாய், மறந்தேன். ஆனால் அரிசி களைந்த தண்ணீர் தண்ணீரில் சேராது அல்லவா, அது சத்து. சாமிக்கு வைத்து எடுத்த தீர்த்தமும் சேராது, அது அருள். இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றினேன். வீட்டுக் கணக்கு எழுதும்போது இந்தச் செடியை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்து, கடைசியில் பிள்ளைகள் செலவு என்பதில் சேர்த்துவிட்டேன். அந்த அளவுக்கு ஒட்டிவிட்டாள்.

பலன் கைமேல் தெரிந்தது. சிவப்பு போனது, நீலம் போனது, பச்சைப்பசேலென்று ஆகி, கழுத்தை நீட்டிக்கொண்டு வளர ஆரம்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பிள்ளையின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோமே, அந்தக் கதவு நிலையில், அவன் தவழ்ந்த காலத்துக் கோட்டுக்குக் கீழே தடிச்சியை நிறுத்தி நானும் கோடு போட்டேன். உன் மாமா அதை போனில் படம் எடுத்தார். எடுத்துவிட்டு, "என்னடி, இவ கொக்கு மாதிரி ஆயிட்டா?" என்றார். "வளர்ற பிள்ளையக் கண்ணு வைக்காதீங்க" என்று நான் படத்தை அழிக்கச் சொன்னேன். கீழே இரண்டு மூன்று இலை உதிர்ந்தது உண்மைதான். எல்லாப் பிள்ளைக்கும் பல் விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது தடிச்சியைக் காணோம். உன் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மொட்டமாடில வெயில்ல வச்சிருக்கேன். முழங்கால வச்சுக்கிட்டு நீ ஏறிக் கீறி வைக்காத" என்றார். லிப்ட் வேலை செய்யாமல் போய் எத்தனையோ மாதம் ஆகிறது என்பதால் நானும் மாடி ஏறவில்லை. மறுநாள் விளக்கேற்றப் போகிறேன், சாமி அலமாரியில், படத்தின் காலடியில், ஒரு பூ! உள்ளங்கை அகலத்தில், அடுக்கடுக்காக, பச்சைப்பசேலென்று. கண்ணாடி போடாத கண்ணுக்கே அப்படி ஒரு அழகு. எனக்கு முதலில் தோன்றியது, நம் தடிச்சி மாதிரியே இருக்கிறதே என்பது. இரண்டாவதாகத் தோன்றியது, அவளைப் பார்த்து ஆசைப்பட்டு அதே ஜாடையில் உன் மாமா பூ வாங்கி வந்து வைத்திருக்கிறார் என்பது. அவர் பூ வாங்கியதுகூடப் பெரிதில்லை, நான் பூஜை செய்யும்போது கூடத்தைத் தாண்டி வராத மனிதர், தன் கையால் சாமிக்கு வைத்திருக்கிறார்! கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் கூச்சப்பட்டு அடுத்தமுறை வைக்கமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு அன்று ஒரு தோசை கூடுதலாகப் போட்டேன், அவ்வளவுதான்.

பூ வாடவில்லை. மறுநாள் வாடவில்லை. அந்த வாரம் போயிற்று, வாடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை நான். ஒருமுறை ஈரம் பட்டுச் சாமி படத்தில் பூஞ்சை பிடித்ததிலிருந்து அந்த அலமாரியில் தண்ணீரே புழங்கக் கூடாது என்பது என் சட்டம். எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஊசிக்கு நூல் கோக்கக் கண்ணாடி கேட்டு வந்தவள் எட்டிப் பார்த்து, "இது போன வாரம் வச்ச பூவா? சும்மா சொல்லாதீங்கக்கா" என்றாள். சத்தியம் செய்தேன். அவ்வளவுதான், சாயங்காலம் கட்டிடமே நம் கூடத்தில். ஒருத்தி மகனின் பரீட்சை நுழைவுச் சீட்டைக் கொண்டுவந்து பூவுக்கு முன்னால் வைத்தாள், இன்னொருத்தர் வங்கிக் கடன் மனுவை வைத்தார், தையற்காரம்மா நூல் அறுந்து அறுந்து போகிறது என்று தையல் மிஷினில் நூல் சுற்றும் பாபினையே கழற்றிக் கொண்டுவந்தாள். வந்தவர்களில் ஒருவர் லிப்டுக்காகவும் வேண்டிக்கொண்டார் போலிருக்கிறது, மறுநாள் அது ஓட ஆரம்பித்துவிட்டது! ஆள் வந்து சரிசெய்தான் என்பது வேறு விஷயம். அந்த ஆளை அன்றைக்கு அனுப்பியது யார்?

இவ்வளவுக்கும் நடுவில் என் மனத்தைக் குளிர வைத்தது உன் மாமாதான். தினமும் குளித்துவிட்டு நேரே அலமாரிக்கு முன்னால் போய் நிற்பார். குனிந்து பூவையே பார்ப்பார். பெருமூச்சு விடுவார். ஒருநாள் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, பயபக்தியோடு திரும்ப வைத்தார். சமையலறைக் கதவிடுக்கு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்து தாளிப்பு கருகிவிட்டது. இத்தனை வருஷம் நான் இவருக்காக வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் தையற்காரம்மா பாபினைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தாள். பூவைச் சற்றுத் தூக்கிப் பார்த்தவள், "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். பூவுக்கு வேர் விடுமா?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பூவின் அடியில், ரோஸ் நிற நூல் மாதிரி, பொடிப்பொடியாக வேர். லிப்ட் ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தடிச்சியின் தொட்டி. தொட்டியில் தடிச்சி இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு மொட்டைத் தண்டு மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் காகிதம் வெட்டிய உன் மாமாவின் கை அல்லவா, நோட்டுப் புத்தக விளிம்பு மாதிரி அவ்வளவு நேராக ஒரு வெட்டு. திரும்பி வரும்போது லிப்ட் நின்றுவிட்டது. முழங்காலும் நானும் அழுதுகொண்டே படி இறங்கினோம்.

இப்போது புரிகிறதா, ஏன் போனில் சொல்லவில்லை என்று? அவருக்கு வலது கண்ணில் புரை இருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார். அந்தக் கண்ணுக்கு உன் செடி பூவாகத் தெரிந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமிக்கு ஒரு பூ வைக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றி, வைத்த பூ மருமகளின் மூத்த பெண்ணின் தலை என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் மனிதர் உடைந்துபோவார், அப்புறம் சாமி அலமாரிப் பக்கமே வரமாட்டார். அதனால் தெரியாததுபோலவே இருக்கிறேன். கட்டிடத்தாரிடமும் வாய் திறக்காதே என்று தையற்காரம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். "பாபின இங்க வச்சு எடுத்ததுலேர்ந்து நூல் அறுந்து போகவே இல்லக்கா, நான் எதுக்குச் சொல்றேன்" என்றாள் அவள்.

ஆகவே அம்மா, திட்டுவதென்றால் என்னைத் திட்டு. நிழலில் வைத்தது நான், தண்ணீரை வேறு பெயரில் ஊற்றியது நான், கொக்குக் கழுத்தாக்கி அவர் கைக்கு எட்டும்படி வளர்த்துவிட்டதும் நான். மாத முடிவில் வரும்போது மாமாவிடம் ஒன்றும் கேட்டுவிடாதே. ஆனால் ஒரு நல்ல சேதி சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு முடிவு செய். நேற்று தையற்காரம்மாவின் மகளை மாடிக்கு அனுப்பித் தொட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் பார்த்தேன். அந்த மொட்டைத் தண்டின் பக்கவாட்டில், வெட்டுக்குச் சற்றுக் கீழே, பொத்தான் அளவில் மூன்று குட்டித் தடிச்சிகள்! அம்மாவின் ஜாடை அப்படியே. சாம்பல் நீலம், ஓரத்தில் துளிச் சிவப்பு, மேலே அந்த மாவு. தொடவில்லை நான். மூச்சுக்கூடத் தள்ளி விட்டேன். கணக்கு நோட்டில் வரவு மூன்று என்று எழுதினேன். தலையும் உயிரோடுதான் இருக்கிறது, சாமி பார்த்துக்கொள்கிறார். ஒன்றைக் கொடுத்தாய், நாலாகத் திருப்பித் தருகிறேன். கையில் கொடுத்ததைக் கெடுத்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லைதான். இருந்தாலும் ஒரு பிள்ளையை எப்படிச் சும்மா விடுவது என்று இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாளில் நன்றாகவே வந்துவிடும் என்று தோன்றுகிறது. ஜன்னலோர அறை உங்களுடையது, அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வரியை நம்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே, தூக்க வேண்டியவனை என் பெயரைச் சொல்லி எழுப்பு. உன் கை தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும், வீடு நிறைந்து, மனம் நிறைந்து நீடூழி வாழ ஆண்டவன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உன் நலமே நாடும்
அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் தபால்தலை வாங்கிவர உன் மாமாவிடம் கொடுத்தது என் புத்தி. வாசலில் நின்று முழுவதும் படித்திருக்கிறார். உள்ளே வந்து, "யாருக்குடி கண்ணுல புரை? பூவுக்கும் செடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று ஒரே கத்தல். கதவு நிலையில் எடுத்த படத்தை அழிக்காமல் உனக்கு அனுப்பினாராமே? அதைப் பார்த்துவிட்டு, கழுத்து நீண்டுவிட்டது, தலையை வெட்டினால்தான் பிழைப்பாள், வெட்டிய தலையை வேர் விடும்வரை தண்ணீர் படாத இடத்தில் காய வையுங்கள் என்று நீதான் சொன்னாயாமே?

"அதுக்கு எதுக்கு சாமி அலமாரி?" என்றேன்.

"இந்த வீட்டுல நீ தண்ணி ஊத்தாத எடம் அது ஒண்ணுதான்" என்றார்.

"அப்ப தெனம் நின்னு கும்புட்டது?"

"யார் கும்புட்டா? வேர் வந்துடுச்சான்னு பாத்தேன்."

என் தோசையைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஆத்திரமாக வந்தது. ஆக, எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஞாயிறுதோறும் "தடிச்சி எப்படி இருக்கா அத்தை?" என்று நீ கேட்டிருக்கிறாய். நானும் கொழுகொழு என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே நீ, கெட்டிக்காரி.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டதற்கு, "வெட்டறோம்னு தெரிஞ்சா அத்தை தூங்க மாட்டாங்க, சொல்லாதீங்க மாமான்னு அவதான் சொன்னா. வேற ஒண்ணு சொல்லச் சொன்னா, அது மறந்துபோச்சு" என்றார். என்ன என்று உலுக்கியதில், தலையைச் சொறிந்துகொண்டு, "மாற்றல் கெடச்சுடுச்சாம். சாமானோடதான் வர்றாங்களாம். அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சு வைக்கச் சொன்னா" என்கிறார்! மேலே எழுதிய அத்தனை பக்கத்துக்கும் இனி வேலையில்லை. கிழிக்க மனம் வரவில்லை, தபால்தலையும் வாங்கியாயிற்று, அதனால் அனுப்புகிறேன். வெள்ளையடிக்கும் ஆள் நாளை வருகிறான். உன் மாமாவைத் தண்டனையாகச் சாமி அலமாரிக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறேன். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு.

குழந்தையைக் குளிப்பாட்ட எவ்வளவு தண்ணீர் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு. சுவரில் ஒட்டிவைக்கிறேன்.